கட்டிட வேலையிடத்தில் பேச்சும் சைகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டி பக்கங்களிலும் வீடு, கடை, சிறு அடுக்குமாடி கட்டும் மேஸ்திரிகள், பொறியாளர்கள், வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரிய கம்பெனி சைட்டுகளில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் அந்தப் பொறுப்பு மேஸ்திரியின் வாயிலும் காதிலும்தான் இருக்கிறது.

சத்தமாகச் சொன்னால் போதாதா?

போதாது. மிக்சர் ஓடும்போதும் கட்டர் டைல்ஸை அறுக்கும்போதும் தொண்டை கிழியக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே இரைச்சல் ஏறத்தாழ 85 டெசிபலைத் தொட்டுவிட்டது. அந்த நிலையில் சாரத்தின் மேல் இருப்பவருக்கு வெறும் வாய்ச்சொல்லால் உத்தரவு கொடுப்பது சூதாட்டம்.

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் பாதி மட்டும் காதில் விழுந்தால் கேட்டவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார் என்றால் அது நல்ல சொல். கயிற்றை விட்டுவிடுவார் என்றால் அந்தச் சொல் சைட்டுக்கு ஆகாது.

நம் பேச்சில் எந்தச் சொற்கள் ஆளைக் கவிழ்க்கும்?

முதலாவது, "விடாதே", "எறக்காதே", "பிரிக்காதே" வகை. தமிழில் தடுப்பது சொல்லின் வாலில்தான் இருக்கிறது. "எறக்கா…" வரைக்கும் இறக்கச் சொல்வது போலவே கேட்கும். கடைசியில் வரும் "தே"தான் வேண்டாம் என்கிறது. இரைச்சல் அந்த வாலைத்தான் முதலில் தின்னும். மேலே இருப்பவர் "எறக்காதண்ணே" என்று கத்த, கீழே வின்ச் (பாரம் தூக்கும் மிஷின்) பிடிப்பவர் "எறக்கு" என்று கேட்டு பக்கெட்டை இறக்கிவிடுவார். இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை, சொல்தான் தப்பு.

இரண்டாவது, "மெல்ல", "மேல". பாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது "மெல்ல, மெல்ல" என்றால் "மேல, மேல" என்று கேட்கும். மெதுவாக ஏற்ற வேண்டிய நேரத்தில் வேகம் கூடிவிடும்.

மூன்றாவது மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. நமக்கு மேல என்றால் உயரமும்தான், மேற்கும்தான். கீழ என்றால் தாழ்வும்தான், கிழக்கும்தான். மேலமாசி வீதி மேற்கே இருக்கிறது, கீழவாசல் கிழக்கே இருக்கிறது. அதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் சைட்டில் "மேலப் பக்கத்துச் சாரத்தைப் பிரி" என்றால், மேற்குச் சுவர்ச் சாரமா, மேல் தட்டுச் சாரமா? பூச்சு முடிந்த மேற்குச் சாரத்துக்குப் பதிலாக, ஆள் நிற்கும் மேல் தட்டில் ஒருவர் கட்டை அவிழ்க்க ஆரம்பித்திருப்பார். திசைக்குக் கிழக்கு, மேற்கு என்று முழுச் சொல்லையே சொல்லுங்கள். உயரத்துக்கு "முதல் தட்டு", "ரெண்டாம் தட்டு" என்று எண்ணிச் சொல்லுங்கள்.

நான்காவது "நிப்பாட்டு". மிஷினை நிப்பாட்டு என்றால் ஓட்டத்தை முடி. கம்பை நிப்பாட்டு என்றால் தூக்கி நேராக நிறுத்து. நீளமான சவுக்குக் கம்பை நான்கு பேர் தூக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பதறி "நிப்பாட்டு!" என்றால், மற்ற மூவரும் இன்னும் வேகமாக அதை நிமிர்த்துவார்கள்.

அப்புறம் "ரைட்". பொறியாளர் "ரைட்ல, ரைட்ல" என்று வலப்பக்கத்தைச் சொல்கிறார். ஜேசிபி ஓட்டுநர் காதில் அது கண்டக்டர் சொல்லும் "ரைட், போலாம்". கூடவே "அங்கிட்டு", "இங்கிட்டு". சொல்பவருக்கு அங்கிட்டு என்பது கேட்பவருக்கு இங்கிட்டு. "ரோட்டுப் பக்கம்", "போர்வெல் பக்கம்", "வேப்பமரத்துப் பக்கம்" என்று அசையாத அடையாளத்தைச் சொன்னால் யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் மாறாது. வேலை ஆரம்பித்த அன்றே நான்கு பக்கத்திலும் கி, மே, வ, தெ என்று பெயின்டில் எழுதிவிடுங்கள்.

அப்படியென்றால் எந்தச் சொற்களை வைத்துக்கொள்வது?

நிறுத்த "ஸ்டாப்". தமிழ்ப் பற்றுள்ளவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரே அசை, ஒரே பொருள், இந்திக்காரர் வங்காளிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சொல். உயர்த்த "ஏத்து". தாழ்த்த "எறக்கு". மெதுவாக்க, மதுரைப் பக்கம் அருமையான சொல் ஒன்று இருக்கிறது: "பைய". அது "மேல"யோடு குழம்பாது. ஆனால் வடமாநிலத் தொழிலாளர்களை எல்லோரும் "பையா" என்று கூப்பிடும் சைட்டில் அதுவும் ஆகாது. அங்கே "ஸ்லோ" என்றே சொல்லுங்கள்.

கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்றால் "விடாதே" என்று சொல்லாமல் "பிடி, பிடி" என்று சொல்லுங்கள். வேண்டாததைத் தடுக்காமல், வேண்டியதைச் சொன்னால் வாலில்லாத சொல்லாகிவிடும்.

"சரிண்ணே" என்று சொன்னால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. "சரி" என்பதற்குக் காதில் விழுந்தது, புரிந்தது, செய்கிறேன், செய்து முடித்துவிட்டேன், பேச்சை விடுங்கள் என்று ஐந்து பொருள் உண்டு. தலையாட்டல் இன்னும் மோசம். நாம் பக்கவாட்டில் ஆட்டும் தலை ஆமாம் என்கிறது. வடக்கிலிருந்து புதிதாக வந்தவருக்கு அது மறுப்பது போலத் தெரியலாம்.

சொன்னதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். "தம்பி, என்ன செய்யப் போற, சொல்லு." அவர் "மேற்குச் சாரத்துல ரெண்டாம் தட்டு பலகைய மட்டும் எடுக்கணும், கம்பத் தொடக் கூடாது" என்றால் போகலாம். "நீங்க சொன்னதத்தான்" என்றால் மறுபடி சொல்லுங்கள். ஐந்து நொடி வேலை. வயதில் மூத்த கொத்தனாரைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் முகம் சுருங்கும் என்று தயங்குபவர்கள் உண்டு. "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்குறேன், நீங்க ஒரு தடவ சொல்லுங்கண்ணே" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

பேரைச் சொல்லிக் கூப்பிடுவதா, "ஏய்" போதுமா?

"ஏய்" என்றால் எல்லோரும் திரும்புவார்கள், அல்லது ஒருவருமே திரும்ப மாட்டார்கள். மதுரை சைட்டில் "பாண்டி" என்றாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். மூன்று தலை திரும்பும். ஊரைச் சேர்த்து "மேலூர் பாண்டி", "செக்கானூரணி பாண்டி" என்று காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஆபத்து வரும் நேரத்தில் மட்டும் பேரைத் தேட வேண்டாம், "ஸ்டாப்" எல்லோருக்குமானது.

விசில் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, டவுன் பஸ்ஸில் ஏறாத ஆள் இல்லை. ஒரு விசில் என்றால் நிறுத்தம், இரண்டு விசில் என்றால் போகலாம். இது உடம்பிலேயே ஊறிய சமிக்ஞை, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பாரம் ஏற்றும் லிஃப்டுக்கு 1 நிறுத்து, 2 ஏத்து, 3 எறக்கு என்று வைப்பவர்கள் உண்டு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூன்றில் ஒன்று காதில் விழாமல் போனால் இரண்டாகி, இறங்க வேண்டியது ஏறிவிடும். அதனால் வின்ச் ஆள் கேட்டதை அப்படியே திருப்பி ஊதிவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும். எண்ணிக்கை மாறி வந்தால் மேலே இருப்பவர் உடனே ஒற்றை விசில் ஊதுவார்.

ஆளுக்கொரு விசில் கொடுத்துவிடாதீர்கள். சைகை காட்டுபவர், தளப் பலகையைத் தாங்கும் முட்டுகளைப் பார்ப்பவர், மேஸ்திரி, இந்த மூவர் கழுத்தில் மட்டும் இருக்கட்டும்.

பீகார், ஒடிசா, வங்காளத் தொழிலாளர்கள் வந்தால்?

முதலில் அவர்கள் குழுவில் ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். அநேகமாக இருப்பார், இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்தவராக. அவரை மொழிபெயர்க்க வைக்கும் நேரத்தில் அவர் கையில் வேறு வேலை இருக்கக் கூடாது. சாரத்தில் தொங்கிக்கொண்டே பேச்சை மாற்றிச் சொல்வது அவருக்கே ஆபத்து.

நம் ஆட்களும் ஏழெட்டு இந்திச் சொல் கற்றுக்கொள்ளட்டும்: ருக்கோ (நில்), ஹட்டோ (விலகு), ஊப்பர் (மேலே), நீச்சே (கீழே), தீரே (மெதுவாக), பக்கடோ (பிடி), சோடோ (விடு). ஆபத்துக்கு அவர்கள் "கத்ரா" என்பார்கள். நம் காதில் அது "கத்துறா" என்று விழும். "என்னத்துக்குடா கத்தணும்?" என்று திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்காமல் இருக்க இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அவர்கள் "பஸ்" என்றால் போதும் என்று பொருள். கான்கிரீட் கொட்டும்போது "பஸ், பஸ்" என்று கேட்டால் ரோட்டைப் பார்க்காதீர்கள், கொட்டுவதை நிறுத்துங்கள். எண்ணும்போது நான்குக்கு அவர்கள் சொல்வது ஏறக்குறைய நம் "சார்" போலவே கேட்கும்.

சேர்ந்து தூக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்பதில் மூணு என்னும்போதே தூக்குவதா, மூணு முடிந்த பிறகா? தமிழ் ஆட்களுக்குள்ளேயே இதில் இரு கட்சி உண்டு. எந்த மொழியாக இருந்தாலும், கைவைக்கும் முன் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

சித்தாள் "ஸ்டாப்" என்றால் கொத்தனார் நிறுத்த வேண்டுமா?

ஆமாம், கேள்வி கேட்காமல். பாரத்தை ஏற்று, இறக்கு, நகர்த்து என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு மட்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை எல்லோருக்கும். நேற்று வந்த நிமிந்தாளுக்கும் (கையாள்), தண்ணீர் கொண்டுவரும் அக்காவுக்கும். சாந்துச் சட்டி சுமந்து நாளெல்லாம் கீழேயே நடப்பவர்கள் சித்தாள்கள். முட்டு நழுவுவதும், சாரக் கயிறு தளர்வதும், மண் விரிசல் விடுவதும் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். சொன்னால் "உனக்கென்ன தெரியும்" என்ற பேச்சு வரும் என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை தவறாக நிறுத்தினால் பத்து நிமிடம் போகும். அதற்குத் திட்டினால் அடுத்த முறை சரியான நேரத்திலும் அவர் வாய் திறக்க மாட்டார். வீண் ஸ்டாப்புக்குத் திட்டக் கூடாது என்பதை மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்லிவைக்க வேண்டும். ரகசியமாகச் சொன்னால் பலனில்லை.

தளம் போடும் நாளில் என்ன சிறப்பாகப் பார்க்க வேண்டும்?

சைட்டிலேயே அதிக ஆபத்தான நாள் அதுதான். லிஃப்ட் மிக்சரோடு வரும் கான்கிரீட் கேங்குக்கு உங்கள் கட்டிடத்தைப் பற்றி எதுவும் தெரியாது. வந்து, போட்டுவிட்டு, சாயங்காலம் போய்விடுவார்கள். டீசல் இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு எதையும் சொல்ல முடியாது. அதனால் மிக்சரைக் கிளப்பும் முன் பத்து நிமிடம் எல்லோரையும் தளத்தின் மேல் ஏற்றிக் காட்டுங்கள்: படிக்கட்டுத் திறப்பு எங்கே, ஓரத்தில் எங்கே பலகை இல்லை, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, சைகை காட்டுபவர் யார். அவருக்கு மட்டும் ஆரஞ்சு நிற ஜாக்கெட் போடுங்கள். வேறு யாரும் அந்த நிறம் போடக் கூடாது.

முட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தச்சர் கண்டிப்பாக இருக்க வேண்டும். கான்கிரீட் விழும் பகுதிக்கு நேர் கீழே நிற்காமல், வெளியே ஓடும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்து ஓரமாக நிற்பார். கழுத்தில் விசில். முட்டு வளைகிறதா, ஆப்பு நழுவுகிறதா, பலகை இடுக்கில் சிமென்ட் பால் அதிகமாக ஒழுகுகிறதா என்று பார்ப்பார். அவர் நீளமாக ஊதினால் மேலே கொட்டுவது அந்தக் கணமே நிற்க வேண்டும். நிறுத்தாமல் "என்னப்பா?" என்று எட்டிப் பார்ப்பவர் தன் எடையையும் அந்த ஓரத்தில்தான் ஏற்றுகிறார். கான்கிரீட்டை ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது என்பதையும் அந்தப் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முட்டுப் பிரிக்கச் சொல்வது யார்? எத்தனை நாளில்?

இதில்தான் பேச்சுப் பிசகு அதிகம். சென்ட்ரிங் சாமானுக்கு (தளத்தைத் தாங்கும் பலகை, முட்டு) தினவாடகை ஓடுகிறது. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டில் அந்த ஜாக்கிகள் (இரும்பு முட்டுகள்) வேண்டும். அவர் தன் ஆட்களிடம் "ஏழு நாள் ஆச்சுல்ல, போய்ப் பிரிங்கடா" என்கிறார். அந்த ஏழு நாள் எதற்கு என்பது வழியிலேயே தொலைந்துபோகிறது.

இந்தியத் தரம் ஐஎஸ் 456 சொல்லும் கணக்கு, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு: தூண், சுவர்ப் பக்கப் பலகைகள் 16 முதல் 24 மணி நேரம். 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமின் முட்டுகளுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இப்போது வீட்டு வேலைக்கு அதிகம் வாங்கும் சிமென்ட் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா, அதாவது சாம்பல் கலந்த சிமென்ட்). மத்தியப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பு அதற்கு இந்த நாட்களை 10/7 மடங்காக்கச் சொல்கிறது. அதாவது 7 என்பது 10, 14 என்பது 20, 21 என்பது 30. மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஆக, "ஏழு நாள்" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது: "எந்த இடைவெளிக்கு? எந்த சிமென்டுக்கு?"

வாய்ச்சொல்லை இதில் நம்பவே வேண்டாம். தளம் போட்ட அன்றே பீமின் பக்கவாட்டுப் பலகையில் சிவப்புப் பெயின்டில் எழுதுங்கள்: "போட்டது 4-6. பிரிப்பது 4-7. கேட்காமல் தொடாதே." பக்கத்தில் பொறியாளரின் கையெழுத்து. வெறும் "பிரிக்காதே" என்று எழுதுவதைவிடத் தேதி எழுதுவது பலமடங்கு நல்லது. தேதிக்கு எதிராக வாதாட முடியாது.

பிரிக்கும் வரிசையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் தாங்கும் தளத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரங்களுக்குப் போக வேண்டும். பால்கனி, சன்ஷேடு போல ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவற்றில் வெளி நுனியிலிருந்து ஆரம்பித்துச் சுவருக்கு வர வேண்டும். சன்ஷேடு கவிழாமல் நிற்பது பின்னால் ஏறும் சுவரின் பாரத்தால். மேலே சுவர் ஏறாமல் முட்டை எடுத்தால், கான்கிரீட் எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் குப்புற விழும். கதவு, ஜன்னல் மேல் விட்டமான லிண்டலுக்கு "லிண்டல் முட்டு" என்று மொட்டையாகச் சொன்னால் சன்ஷேடு முட்டும் சேர்ந்து போய்விடும். "உள்பக்கம் மட்டும், வெளிப்பக்கம் கிடக்கட்டும்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

"கரண்ட் இல்லை" என்றால் தொடலாமா?

இந்த இரண்டு சொல்லுக்கு இரண்டு பொருள். ஊருக்கே கரண்ட் போய்விட்டது என்பது ஒன்று. நான் மெயினை ஆஃப் செய்துவிட்டேன் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பி வயரைத் தொட்டவர் கையில் இருக்கும்போதே கரண்ட் வரும். மின்வெட்டு சொல்லிவிட்டு முடிவதில்லை.

சொல்ல வேண்டியது: "மெயின் ஆஃப், கேரியர் என் பையில." பியூஸ் கேரியரைக் கழற்றி, வேலை செய்பவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். எம்சிபி (தானாக விழும் சுவிட்ச்) இருந்தால் பெட்டியைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளட்டும். பூட்டில்லாத பெட்டி முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். திரும்பப் போடும் முன் வேலை பார்த்தவரே நேரில் வந்து சொல்ல வேண்டும். "போடலாமாம்ணே" என்று ஆள் மூலம் வரும் சேதிக்குப் போடக் கூடாது. வைப்ரேட்டர், கட்டர், மோட்டார் எல்லாம் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வழியாக மட்டும்.

ரோட்டோரத்தில் 11 கேவி (11,000 வோல்ட்) லைன் போனால் கம்பி ஏற்றும்போது தனிக் கவனம் வேண்டும். கம்பி 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி. கீழிருந்து தள்ளுபவர் நுனியைப் பார்ப்பதில்லை, மேலிருந்து இழுப்பவர் தன் பிடியைப் பார்க்கிறார், லைனைப் பார்ப்பவர் யாருமில்லை. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள், அவர் கை எதையும் தொடக் கூடாது. கட்டி முடித்த வீட்டுக்கும் 11 கேவி லைனுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி விதிப்படி வேண்டும். ஆனால் சுழலும் 40 அடிக் கம்பிக்கு அந்த 1.2 மீட்டர் எந்த மூலைக்கு? லைனை நிறுத்தித் தரச் சொல்லிப் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அறுந்த கம்பி, சாய்ந்த கம்பம் போன்ற புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987.

ஜேசிபி, கிரேனுக்குக் கைச்சைகை எப்படி?

ஏற்ற, முழங்கையை மடக்கி ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சின்ன வட்டம். இறக்க, கையைக் கீழே நீட்டி விரலைத் தரைக்குக் காட்டி வட்டம். நிறுத்த, கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து முன்னும் பின்னும் வீசுவது. அவசரமாக நிறுத்த அதையே இரண்டு கையாலும். மெதுவாக்க, சைகை காட்டும் கைக்கு மேல் மறு உள்ளங்கையை அசையாமல் பிடிப்பது.

ஓட்டுநரின் கண் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. சைகைக்காரர் கண்ணிலிருந்து மறைந்த உடனே வண்டி நிற்க வேண்டும் என்பது ஓட்டுநரோடு முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம். ரிவர்ஸ் வரும்போது பின்னால் நேராக நிற்காமல் கண்ணாடியில் தெரியும்படி ஓரமாக நில்லுங்கள். சாயங்காலம் இருட்டினால் கைச்சைகை உதவாது. டார்ச் வேண்டும், அல்லது வேலையை மறுநாளைக்குத் தள்ள வேண்டும்.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் இடத்தில் உள்ளே ஆள் இறங்கினால் கரையில் ஒரு சிவப்புத் துணி ஊன்றிவிடுங்கள், ஏறியதும் எடுத்துவிடுங்கள். தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து 1.5 மீட்டர் அல்லது குழி ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் முட்டுக் கொடுக்க வேண்டும், அல்லது கரையைச் சரிவாக வெட்ட வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் வெயிலில் வெடித்து மழையில் ஊதும். ஐப்பசி மழைக்குப் பிறகு காலையில் கரையைப் பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

புது செப்டிக் டேங்கில் சென்ட்ரிங் எடுக்க இறங்கும்போது?

இன்னும் பயன்படுத்தாத தொட்டிதானே, விஷவாயு எப்படி வரும் என்பார்கள். மூடிக் கிடக்கும் தொட்டியில் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் அழுகி ஆக்சிஜனைக் குடித்துவிடும். உள்ளே போனவர் மூச்சுத் திணறாமலே மயங்குவார். அதனால் எல்லாத் திறப்பையும் முந்தின நாளே திறந்து வைத்து, ஊதும் விசிறி போட்டுக் காற்றை மாற்ற வேண்டும்.

இறங்குபவர் இடுப்பில் கயிறு. மறுமுனையைப் பிடித்து வெளியே இரண்டு பேர். உள்ளே இருப்பவரோடு நிற்காமல் பேசிக்கொண்டே இருங்கள். ஊர்க்கதை எதுவானாலும் சரி, பதில் வர வேண்டும், அவ்வளவுதான். பதில் தாமதமானாலோ, நாக்குக் குழறினாலோ உடனே கயிற்றை இழுங்கள். பதில் நின்றுவிட்டால் யாரும் உள்ளே குதிக்கக் கூடாது. காப்பாற்றக் குதித்த இரண்டாவது ஆளும் சாவது இப்படித்தான். இழுக்க முடியவில்லை என்றால் தீயணைப்புத் துறைக்கு 101.

சித்திரை வெயிலில் தளத்தில் நிற்பவருக்கும் இந்தப் பேச்சுச் சோதனை உதவும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், பேர் கேட்டால் தடுமாறினால், அது வெப்ப வாதம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

அடியா, மில்லியா, சூத்தா?

வரைபடத்தில் மில்லிமீட்டர், மேஸ்திரி வாயில் அடி, பழைய கம்பிக்காரர் வாயில் சூத். ஒரு சூத் என்றால் 1/8 அங்குலம். "மூணு சூத்" 10 மி.மீ., "நாலு சூத்" 12 மி.மீ. கம்பி. அலகில்லாத எண்ணைச் சைட்டில் சொல்லவே கூடாது. "முட்டு மூணுக்கு மூணு" என்றால் 3 அடியா, 3 மீட்டரா? முட்டின் இடைவெளி மூன்று மடங்குக்கு மேல் மாறிவிடும். "எட்டு" என்றால் 8 மி.மீ. கம்பியா, 8 அங்குல இடைவெளியா?

பொறியாளர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினால் போதுமா?

ஜல்லி எத்தனை லோடு என்பதற்குப் போதும். பாரம் தாங்கும் எதற்கும் போதாது. பீமில் துளை, தூண் இடமாற்றம், முட்டுப் பிரிப்பு எல்லாம் எழுத்தில் வர வேண்டும். சைட் நோட்டில் எழுதி, கீழே தேதி, கையெழுத்து. திருத்திய வரைபடம் வந்தால் பழைய தாளைக் கிழித்துப் போடுங்கள். சுவரில் இரண்டு தாள் தொங்கினால் கம்பிக்காரர் தன் கைக்கு எட்டியதைத்தான் பார்ப்பார்.

வீட்டுக்காரர் நேரடியாக ஆட்களிடம் சொல்லலாமா?

மேஸ்திரியிடம் சொல்லலாம். "தம்பி, அந்தச் சாரக் கம்பு வழிய மறைக்குது, கொஞ்சம் எடுத்துவிடு" என்று நிமிந்தாளிடம் சொல்லக் கூடாது. பணம் கொடுப்பவர் சொல்லும்போது அந்தத் தம்பியால் மறுக்க முடியாது.

வாக்கி டாக்கி வேண்டுமா?

இரண்டு மாடி வரை தேவையில்லை. அதற்கு மேல், அல்லது கிரேன் ஓட்டுநருக்குப் பாரம் தெரியாத இடத்தில், வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிக்கு உரிமம் வேண்டாம். வாங்கும்போது பெட்டியில் அந்த எண்ணைப் பாருங்கள். பாரம் நகரும்போது பேச்சு திடீரென அறுந்தால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு யாரும் வேலை பார்க்கக் கூடாது, அதற்கு விளக்கம் தேவையில்லை.

காலைப் பேச்சு எவ்வளவு நேரம்? என்ன பேசுவது?

ஐந்து முதல் பத்து நிமிடம், டீக்கு முன்னால். பொதுவாக "பத்திரமா வேலை பாருங்கப்பா" என்பது காதில் ஏறாது. இன்று எங்கே ஆபத்து என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள்: "இன்னைக்கு வடக்குப் பக்கம் சாரம் பிரிக்கிறோம், யாரும் அந்தப் பக்கம் போகாம படிக்கட்டு வழியாப் போங்க." புது முகம் யார் என்று பாருங்கள். முக்கில் நின்று அன்றைக்குக் கூலிக்கு வந்தவருக்கு எதுவுமே தெரியாது. ஒரு பழைய ஆளோடு அவரைச் சேர்த்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா முடிந்து வேலை மறுபடி ஆரம்பிக்கும் நாளில் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள், அன்று முதல் நாள் போலவே ஆரம்பியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ஆம் ஆண்டுக் கட்டிடத் தொழிலாளர் சட்டமும் 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளும் ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் எழுத்துப்பூர்வமான பாதுகாப்புக் கொள்கையையும், 500 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாதுகாப்புக் குழுவையும் அலுவலரையும் கேட்டன. நம் பக்கத்து வீட்டு வேலைகள் இந்த இரண்டு வரம்பையும் தொடாது. தொழிலாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று மட்டுமாவது மேஸ்திரி கேட்டு வைக்க வேண்டும். விபத்து உதவி அதன் வழியாகக் கிடைக்கும்.

விபத்து நடந்துவிட்டால் 108-இல் என்ன சொல்வது?

கடச்சனேந்தல், ஊமச்சிகுளம், நாகமலை புதுக்கோட்டை பக்கத்துப் புது மனைப் பிரிவுகளில் கதவு எண் இருக்காது, தெருப் பெயரும் இருக்காது. பதற்றத்தில் யாருக்கும் வழி சொல்ல வராது. வேலை ஆரம்பித்த அன்றே கேட் பக்கத்தில் ஒரு பலகையில், வாசித்தால் போதும் என்கிற மாதிரி முழு வாக்கியமாக எழுதி வையுங்கள்: மாவட்டம், ஊர், மெயின் ரோட்டில் எந்தக் கோயில் அல்லது பள்ளிக்கூடத்துக்கு எதிரே திரும்ப வேண்டும், எத்தனையாவது தெரு, சைட் மேஸ்திரியின் போன் எண். கீழே அதையே இந்தியில், தமிழ் தெரிந்த வடமாநிலத் தொழிலாளியிடம் கேட்டு எழுதுங்கள்.

பேசுபவர் ஒருவர் மட்டும். எத்தனை அடியிலிருந்து விழுந்தார், பேசுகிறாரா, ரத்தம் வருகிறதா, ஷாக் அடித்ததா என்று சொல்லிவிட்டு, எதிர்முனை வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். ஷாக் என்றால் மெயினை அணைக்கும் வரை அவரைத் தொடாதீர்கள். உயரத்திலிருந்து விழுந்தவரை நான்கு பேர் கைகால் பிடித்துத் தூக்கி லோடு ஆட்டோவில் போடாதீர்கள். கழுத்தெலும்பு நகர்ந்தால் ஆயுளுக்கும் எழ முடியாது. இன்னொருவர் மெயின் ரோட்டு முக்கில் போய், சிவப்புத் துணியோ ஆரஞ்சு ஜாக்கெட்டோ கையில் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும் திசையைப் பார்த்து நிற்கட்டும்.